தானாகப் பச்சையான கட்டில்

போன வருடம் மிளகு பறிப்பு சமயம். தலைச்சோலையில் எங்கள் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, அதில் படர்ந்த கொடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்த என் கணவர், ஏணி சறுக்கிக் கீழே விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஊருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஏற்காட்டிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

சேர்த்த அன்றே ஒரு சிஸ்டர் வந்து, அவர் நெஞ்சில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு வில்லையை ஒட்டினார். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் படுக்கைப்புண் வருமாம். நேரமாகிவிட்டால் இந்த வில்லை தெரியப்படுத்தும், அவர்கள் மேஜையில் இருக்கும் திரையில் இவருடைய கட்டில் சிவப்பாகி மணி அடிக்கும், உடனே வந்து திருப்பிப் படுக்கவைப்போம், திருப்பியதும் பச்சையாகிவிடும் என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. எழுந்து வந்து பார்க்காமல் இருக்க இது ஒரு சாக்கு என்றுதான் தோன்றியது.

ஃபிளாஸ்க் கழுவப் போகிற மாதிரி போய், அந்தத் திரையை எட்டிப் பார்ப்பேன். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு மதியம், இவர் கட்டில் சிவப்பாவதற்கு முந்தைய மஞ்சளில் இருந்தது. குழாயடிக்குப் போய் வருவதற்குள் பச்சையாகிவிட்டது. சிஸ்டர்கள் இரண்டு பேரும் வேறொரு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், இவர் இடுப்புக்கு நான் அண்டக்கொடுத்த தலையணை வைத்தபடியே இருந்தது.

அவரிடம் கேட்டேன். "வந்துட்டுத்தான் போனாங்க புள்ள. உனக்கு எதுலயும் சந்தேகந்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவரையும் மிரட்டி வைத்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். மறுநாளும் அதே கதை. இருந்த இடத்திலிருந்தே ஏதோ பட்டனை அமுக்கிப் பச்சையாக்குகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நேராக மேஜைக்குப் போனேன்.

"ஏனுங்க சிஸ்டர், ஆளே வராம எப்படிங்க பச்சையாவுது? என்ற ஊட்டுக்காரரை யாருங்க திருப்புனது?"

அந்த சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதைத்தானுங்க்கா நானும் உங்களைக் கேக்கோணும்னு இருந்தேன். நீங்க தனியாத் திருப்பறீங்களோன்னு எங்களுக்குச் சந்தேகம். முதுகுல ஆபரேஷன் பண்ணுனவருங்க. ரெண்டு பேர் சேர்ந்துதான் திருப்போணும்."

என்னையா சந்தேகப்படுகிறாய் என்று எனக்கு ஆத்திரம். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே கட்டிலை நோக்கி நடந்தோம். பாதி தூரத்திலேயே இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

என் கணவர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சை மட்டும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு இம்மியும் நகரவில்லை.

"ஐயோ, விடுங்கண்ணா!" என்று சிஸ்டர் ஓடினார். இன்னொருவரையும் கூப்பிட்டு, மெதுவாக அவரைத் திருப்பித் துணியை விலக்கினார். வால் எலும்புக்கு மேலே தோல் கன்றிச் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார், சிவப்பு மாறவில்லை. புண்ணின் ஆரம்பம் என்றார். என் கணவருக்கு அங்கே தொட்டதுகூடத் தெரியவில்லை. வில்லை இருந்தது நெஞ்சில். நெஞ்சு திரும்பினால் ஆளே திரும்பிவிட்டதாக அது நினைத்துக்கொண்டது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "பொம்பளப் புள்ளைங்க வந்து துணிய வெலக்கறாங்க. நொம்பக் கூச்சமா இருக்குது. மணி அடிக்காட்டி வரமாட்டாங்கல்ல?"

சிஸ்டர் திட்டவில்லை. முடிந்தபோதெல்லாம் வார்டு பாய் ஒருவரைக் கூட்டிவந்தார். எனக்கும் திருப்பக் கற்றுக்கொடுத்து, அந்த இரண்டு பேரில் என்னையும் ஒருத்தியாக்கினார். திரை பச்சையாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தோலைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார். புண்ணாக உடையாமலே அந்தச் சிவப்பு மெல்ல மறைந்தது. இப்போது அவர் சக்கர நாற்காலியில் களத்து ஓரம் உட்கார்ந்து, மிளகைச் சரியாகக் கிளறவில்லை என்று என்னை அதட்டிக்கொண்டிருக்கிறார்.

சந்தேகப்பட்டது தப்பென்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் அதை மனசுக்குள் பூட்டிவைத்து நானும் சிஸ்டரும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தவரை, என் கணவரின் முதுகுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை.