கேட்காமல் கை வைத்தவர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற கங்காதரனுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அன்று சாப்பாட்டு வேளையில் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. கைப்பேசியைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தான்.

யார் வேண்டுமானாலும் சொல் சேர்க்கலாம் என்கிற இணைய அகராதி ஒன்றில் நான்கு வருஷமாகச் சம்பளமில்லாமல் உழைக்கிறவன் அவன். தங்கள் மெட்ராஸ் பேச்சு அகராதியில் ஏறிவிட்டால் அப்புறம் எவனும் கேலி பேச முடியாது என்பது அவன் பிடிவாதம். ‘கீது’ என்ற சொல்லுக்கு ‘ஊட்ல இன்னா கீது?’ என்று எடுத்துக்காட்டு எழுதியிருந்தான். வேலப்பன்சாவடி அடுக்குமாடியில் குடியிருக்கும் திருமுருகன் என்ற இன்னொரு தொகுப்பாளர் அதை ‘வீட்டில் என்ன இருக்கிறது?’ என்று திருத்திவிட்டார். ‘கீது’வுக்கான எடுத்துக்காட்டில் ‘கீது’வையே காணோம். என்ன அநியாயம் இது! காரணம் எழுதும் கட்டத்தில் ‘பிழை’ என்று இரண்டே எழுத்து.

பக்கத்து மெஷின் அசோக், இதெல்லாம் ஒரு விஷயமா, விட்டுத்தள்ளு என்றான்.

“வுட முடியாது மச்சான். நான் பேசறது பிழைன்னு சொல்ல அவுரு யாரு? கை வைக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேக்கணும்ல?”

ஷிப்ட் முடிந்ததும் நிர்வாகிகளுக்குப் புகார் எழுத உட்கார்ந்தான். திருமுருகனைத் தடை செய்தே ஆகவேண்டும். புகார் கொடுப்பவரின் திருத்தங்களும் பார்க்கப்படும் என்று மேலே ஒரு குறிப்பு இருந்தது. பார்க்கட்டுமே, என் மடியில் கனமா என்ன என்று தன் பழைய திருத்தங்களின் பட்டியலைத் தானே திறந்தான்.

சேர்த்தது ஐந்நூறு சொல். நீக்கியது அதைவிட அதிகம். பஸ்ஸில் நின்றபடி விரலால் தட்டித் தட்டி நீக்கியவை. காரணக் கட்டம் பெரும்பாலும் காலி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒன்று: ‘ஆணம் – குழம்பு.’ சேர்த்தவர் பூந்தமல்லி மஹ்பூபா. அப்படியொரு சொல்லை அவன் கேட்டதில்லை. அதனால் கிடையாது என்று தூக்கியிருந்தான்.

மற்றவர்கள் அவனுக்குச் செய்தி எழுதுகிற பேச்சுப் பக்கத்தில் அன்றைக்கே அவர் எழுதிவைத்திருந்தார்: ‘அண்ணே, எங்க வீட்ல தினமும் மீனாணம், பருப்பாணம்னுதான் சொல்றோம். தெரியலன்னா என்னைக் கேட்டிருக்கலாமே?’

அதை அவன் படித்ததே இல்லை. ஒரே மாதத்தில் நாற்பது சொல் சேர்த்த மஹ்பூபா, அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன் மேலேயே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்காகத் திருமுருகன் மேலிருந்த கோபம் தணிந்துவிடவில்லை. ஏன் தணிய வேண்டும்? ஆணத்தைத் திரும்ப ஏற்றினான். இனி கேட்காமல் எந்தச் சொல்லையும் நீக்க மாட்டேன் என்று மஹ்பூபாவுக்கு மன்னிப்பும் எழுதினான். அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லை.

பிறகு புகாருக்கு வந்தான். தடை செய்ய வேண்டியவர்கள் என்ற இடத்தில் முதலில் கங்காதரன் என்று எழுதினான். அதற்குக் கீழே திருமுருகன்.