கொய்யா இலையும் முருகேசுவின் முகமும்

சிவகௌரியின் தகப்பன் முருகேசு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றதை வீட்டில் யாரும் கண்டதில்லை. சவரம்கூடக் கிணற்றடியில் கையால் தடவிப் பார்த்துத்தான் செய்வார்.

அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் சிவகௌரி. கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்தது கொய்யா இலை. தோலில் கறுப்பு நிறத்தை உண்டாக்கும் நொதியை அந்த இலையில் உள்ள சில சேர்மங்கள் மந்தப்படுத்துவதைப் பரிசோதனைக் குழாயில் கண்டாள். ‘வெண்மையான சருமத்தை எல்லோரும் விரும்புகின்றனர்’ என்று ஆய்வின் முதல் வரியை எழுதினாள். யார் அந்த எல்லோரும் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது தகப்பன், ஆய்வுக்கு எடுத்த இலை கொழுந்தா முற்றலா என்று துருவித் துருவி விசாரித்தார். தன் படிப்பில் அவருக்கு அவ்வளவு அக்கறை என்று அவள் மகிழ்ந்துபோனாள்.

பட்டமளிப்புக்கு ஐந்து நாள் இருக்கையில் முருகேசுவின் நெற்றியும் கன்னமும் வெந்து சிவந்தன. கொய்யாக் கொழுந்தை அரைத்து, கெதியாகப் பிடிக்கட்டும் என்று தேசிக்காய்ப்புளியும் விட்டுப் பூசிக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறார். எலுமிச்சைப் புளி பட்ட தோலை வெயில் சுட்டுவிட்டது. மூன்றாம் நாள் சிவப்பு மாறி, திட்டுத் திட்டாகக் கறுத்தது.

“புது மாப்பிளை எண்ட நினைப்பு,” என்றாள் மனைவி குணலட்சுமி.

அவர் சிரிக்கவில்லை. தனக்கு இறைப்பு இருக்கிறது, பட்டமளிப்புக்குத் தாயும் மகளும் போய்வரட்டும் என்றார். சிவகௌரி விடாமல் கேட்டபிறகுதான் வாய் திறந்தார்.

“உன்னோடை படிச்ச பிள்ளையளின்ரை தேப்பன்மார் கந்தோரிலை நிழலிலை இருந்து வேலை செய்யிற ஆக்கள். வெள்ளையும் சள்ளையுமா வருவினம். நான் பக்கத்திலை நிண்டா உனக்கு ஒரு மாதிரி இருக்கும், பிள்ளை.”

அவள் களிம்பைத் தொட்டு அவர் கன்னத்தில் மெதுவாகப் பூசினாள்.

“நீங்கள் வராட்டி நான் போகமாட்டன் அப்பா.”

வந்தார். மண்டபத்துக்கு வெளியே மகளுக்குப் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நின்று படமும் எடுத்தார். ஸ்ரூடியோக்காரர் றமேஸ் எல்லோர் முகத்தையும் கணினியில் வெளுப்பாக்கித்தான் கொடுப்பார். அப்பாவின் முகத்தில் கைவைக்க வேண்டாம், திட்டும் அப்படியே இருக்கட்டும் என்று அவரிடம் சிவகௌரி கண்டிப்பாகச் சொன்னாள்.

படம் வந்தது. முருகேசு முருகேசுவாகவே இருந்தார். பக்கத்தில் நின்றவள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தாள். தன் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது மறதியா, ஆசையா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

முருகேசு படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “என்ரை பிள்ளை எங்கை?”

அவள் படத்தைத் திரும்ப உறையில் போட்டுக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போகச் சைக்கிளை எடுத்தாள்.