மஞ்சள் பால்

ஈன்றதும் சுரக்கும் மஞ்சள் பால், அந்தச் சீம்பால் என்றால் எனக்கு உயிர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பாவத்தில் பாதி இந்த நாக்கால் வந்தது.

யுத்தகாலம். திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் எங்கள் ஊர். எனக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன்பு பிறந்த மகன் பதினோராம் நாள் கழிச்சல் கண்டு போய்விட்டான். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்று தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் எங்கள் ஆடு இரட்டைக் குட்டி போட்டது. நஞ்சுக்கொடி விழும்வரை குட்டியை மடியில் விடமாட்டோம். விட்டால் கொடி உள்ளேயே தங்கிவிடும் என்று ஊரே நம்பியது. இரண்டையும் பஞ்சாரக் கூடைக்குள் மூடிவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். திரும்பி வந்தால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள குட்டி எப்படியோ வெளியே வந்து மடியை முட்டி முட்டிக் குடிக்கிறது!

“அட களவாணிப் பயலே!” என்று இழுத்துப் போட்டேன். அதற்குள் அதன் வயிறு நிறைந்துவிட்டது. மிச்சப் பாலைப் பீய்ச்சி, கருப்பட்டி போட்டுக் கிண்டி, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து நானும் தின்றேன். கொடி விழப் பொழுது சாய்ந்துவிட்டது. மற்றக் குட்டி, கறுப்புக்குட்டி, கத்தி ஓய்ந்தபிறகுதான் மடியைக் கண்டது. அப்போது வெளுத்த பால்தான் இருந்தது.

மழை பிடித்ததும் ஊர்க்குட்டிகளுக்கெல்லாம் கழிச்சல். கறுப்புக்குட்டி இரண்டே நாளில் விறைத்துவிட்டது. சுட்டிக்கும் ஒருநாள் கழிச்சல் இருந்தது. மறுநாள் பார்த்தால் உரல்மேல் ஏறிக் குதிக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒரே வயிறு, ஒரே கொட்டில், ஒரே ஈரத்தரை. அந்த ஒரு வேளை மஞ்சள் பால்தானே வித்தியாசம்! அந்தத் தரையில் நாலு மழைக்காலம் கிடந்து, எல்லாச் சீக்கையும் தாங்கி எழுந்த ஆடு அது. தான் தாங்கியதையெல்லாம் குட்டிக்குக் காவலாக மடியில் கரைத்து வைத்திருக்கிறதே, அடேயப்பா! அதையா நான் வருசா வருசம் கிண்டித் தின்றேன்?

செத்த குட்டியைத் தூக்கும்போது என் மகன் நினைவு வந்தது. மருத்துவச்சி சொன்னார் என்று முதல் மூன்று நாள் என் மஞ்சள் பாலைச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு, அவனுக்குக் கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தவள் நான். கொட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மார்கழியில் மகள் பிறந்தாள். அதே மருத்துவச்சி கருப்பட்டித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தார்.

“மூணு நாப் பாலப் பீச்சி விட்ரு தாயி. பிள்ளைக்கு ஆகாது.”

“போன பிள்ளைக்கு நீங்க சொன்னதக் கேட்டேன். இந்தப் பிள்ளைக்கு என் ஆடு சொன்னதக் கேக்கப் போறேன்” என்று பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பதினோராம் நாள் முழுக்க அவள் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் பசியில் வீறிட்டு அழுதாள்.