ஐலாவின் வலது காது

நவம்பர் பதினைந்தாம் தேதி எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. மான் வேட்டை தொடங்கும் நாள் அது. வாத்தியார்களும் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போயிருப்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் எங்களுக்கும் அன்று விடுமுறை. மிச்சிகனின் வடக்கு மூலையில், ஆல்டர் லேக் என்ற எங்கள் ஊரில், மொத்தம் ஒன்பது பேருந்துகள். ஏழாம் எண் வண்டியை இருபத்துநான்கு வருடங்களாக ஓட்டியவள் ஐலா கங்காஸ். ஒன்பதாம் எண் என்னுடையது.

ஐலா பதினாலு வயதில் முதல் மானைச் சுட்டவள். அதன்பின் முப்பத்தெட்டு வருடங்களில் ஒரு நவம்பரைக்கூட விட்டதில்லை. காதில் எதையும் அவள் மாட்டியதில்லை. காட்டில் யாருமே மாட்டுவதில்லை. மானின் காலடி கேட்க வேண்டும், காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன வேட்டை என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். செப்டம்பரில் ஜல்லிக்குழியில் குறி பழகும்போது மட்டும், ரொம்ப வலித்தால், கைக்குட்டைத் தாளைக் கிழித்து உருட்டிச் சொருகிக்கொள்வாள். அது ஒன்றுக்கும் உதவாது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருடம் அவளும் அவள் கணவன் ரெய்னோவும் ஒரே மறைகூண்டில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு கால்மேல் நிற்கும் பலகை அறை. மூன்று பக்கமும் சின்ன ஜன்னல். அவள் முன்னால், அவன் பின்னால். ரெய்னோவின் புதுத் துப்பாக்கியில் குழலின் நுனியில் துளை போட்ட ஓர் இரும்புத் துண்டைத் திருகியிருந்தான். பிரேக் என்பார்கள். தோளில் உதைப்பது குறையும். ஆனால் வெடிக்கும் காற்றைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஏழரை மணிக்குக் கொம்புமான் ஒன்று எதிரே வந்து நின்றது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மரம் அதை மறைத்தது. ரெய்னோ பரபரப்பில் குழலை அவள் இடது தோளுக்கு மேலாக நீட்டி, நுனி ஜன்னலைத் தாண்டியதா என்றுகூடப் பார்க்காமல் சுட்டான்.

"சத்தமே கேக்கலை," என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "கன்னத்துல யாரோ பலகையால அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு விசில். அவன் வாயைத் திறந்து மூடுறான், ஒண்ணும் வரலை."

மான் விழுந்திருந்தது. ரெய்னோ அவள் முதுகைத் தட்டிச் சிரித்தான். மூன்று நாளில் சரியாகிவிடும் என்றான். அவனுக்கும் எத்தனையோ தடவை அப்படி ஆகியிருக்கிறதாம்.

மூன்று நாளில் வலது காது தெளிந்தது. இடது காதில் விசில் நிற்கவில்லை. ஐலா யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் தொலைபேசியை முதலில் வலது காதில் வைத்து அதன் கொர்ர் ஒலியைக் கேட்பாள், பிறகு இடதில். இடதில் அது எங்கோ தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கும். மறுபடி வலது. அதுவும் நேற்றைவிடக் குறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். ரெய்னோ விழிப்பதற்குள் ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாளாம். ஜனவரியில் ஓட்டுநர்களுக்கு மருத்துவச் சோதனை வரும். ஐந்தடி தள்ளி நின்று மருத்துவர் கிசுகிசுப்பார்; நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் தோற்றால் வண்டி ஓட்ட முடியாது.

ஆனால் ஜனவரி வரை விஷயம் காத்திருக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. ஏழாம் எண் வண்டியின் தடத்தில் ஒரு தண்டவாளம் குறுக்கே போகிறது. கதவும் இல்லை, விளக்கும் இல்லை, வெறும் பலகைதான். பள்ளிப் பேருந்து எதுவானாலும் அங்கே நின்று, கதவைத் திறந்து, ஓட்டுநர் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கடக்க வேண்டும். ஐலா கையை உயர்த்துவாள். முப்பத்தொரு பிள்ளைகளும் வாயை மூடுவார்கள். வெப்பக்காற்று விசிறியை நிறுத்துவாள். அன்றும் அப்படியே செய்தாள்.

ஊதல் ஒன்று கேட்டது. வலப்பக்கம், திறந்த கதவு வழியாக. வலப்பக்கம் தண்டவாளம் நேர்கோடு. ஒரு மைலுக்குக் கண்ணுக்குத் தெரியும். ஒரு வெளிச்சமும் இல்லை. அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் மரலாரி எதுவோ ஊதுகிறது என்று நினைத்தாள். இடப்பக்கம் பார்த்தாள். பனி சுமந்த மரங்கள் வளைவை மறைத்திருந்தன. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. கதவை மூடிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

"மிஸஸ் கங்காஸ், ரயில் அந்தப் பக்கம்." முதல் இருக்கையில் இருந்த டெல்லா என்ற பெண் எழுந்து நின்று இடப்பக்கம் கையைக் காட்டினாள்.

ஐலா பிரேக்கை மிதித்தாள். வண்டி வழுக்கி, வழுக்கி, நின்றது. மரங்களுக்குள்ளிருந்து இஞ்சின் வெளிவந்தது. மூக்குக்கு எதிரே ஆறடியில் மரக்கட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஊதல் இப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ரயில் கண்ணெதிரே இடமிருந்து வருகிறது, காது வலம் என்கிறது. கேட்பதற்கு ஒரு காது போதும். எங்கிருந்து என்று அறிய இரண்டு வேண்டும். அது அவளுக்கு அங்கேதான் புரிந்தது.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். நான் என் வண்டியின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரமாகியும் அவள் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"டேல்கிட்ட சொல்லப்போறேன்," என்றாள். டேல் எங்கள் மேற்பார்வையாளர்.

நான் சொன்னதை மறைத்து எழுத விருப்பமில்லை. "பைத்தியமா உனக்கு? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. சொன்னா நாளைக்கே வேலை போயிரும். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு."

"அந்தப் பொண்ணு இன்னைக்கு லீவு போட்டிருந்தா?" என்று கேட்டாள்.

டேல் அன்றே அவளை வண்டியிலிருந்து இறக்கி, காதைச் சோதித்து வரும்படி அனுப்பினான்.

காது பரிசோதகி மெரிடித் இளம்பெண்; அவளும் வேட்டைக்குப் போகிறவள்தான். ரெய்னோவும் கூடப் போயிருந்தான். கண்ணாடி அறையில் ஐலாவை உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள் மெரிடித். இடது காதுக்கு வந்தபோது ஐலா பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மெரிடித்தின் கை குமிழைத் திருகிக்கொண்டே இருப்பதை மட்டும் பார்த்தாள்.

"இடது காது பாதிக்கு மேல போயிருச்சு. திரும்பி வராது," என்றாள் மெரிடித். "முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தீங்கன்னா மாத்திரை குடுத்துப் பார்த்திருக்கலாம்."

"வலது?"

"வலது பரவாயில்லை. ஆனா அதுலயும் மேல் சுருதி தேஞ்சிருக்கு. முப்பது வருஷ வேலை அது. இன்னொரு தடவை இந்த மாதிரி ஒண்ணு நடந்தா, என்ன மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாது."

ஐலா துப்பாக்கியை விற்றுவிடலாமா என்று கேட்டாள். விற்றாலும் விற்காவிட்டாலும் அது அவள் விருப்பம், சுடுவதானால் எப்படி என்று காட்டுகிறேன் என்று மெரிடித் மேசைமேல் சில சாமான்களைப் பரப்பினாள். முதலில் மஞ்சள் நுரைத்துண்டு.

"இதை மெல்லிசா உருட்டுங்க. காதைப் பின்னாடி மேலாக்க இழுத்து, உள்ள விட்டு, அது உப்பிக்கிற வரைக்கும் விரலால பிடிச்சிருங்க. பாதி வெளிய தெரிஞ்சா நீங்க சரியாப் போடலைன்னு அர்த்தம்."

"இதைப் போட்டுக்கிட்டா மான் வர்றது எப்படிக் கேக்கும்?"

"கேக்காது. அதுக்குத்தான் இது." காதின்மேல் கிண்ணம்போல் கவியும் மூடி ஒன்றை எடுத்தாள். உள்ளே பேட்டரியும், வெளியே சிறு ஒலிவாங்கியும் இருந்தன. சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி உள்ளே விடும். வெடிச் சத்தம் வந்தால் நொடிக்குள் அதை அடக்கிவிடும்.

ரெய்னோ சும்மா இருக்க முடியாமல், "ரேடியோ நிலையம் நடத்துற ஆள் மாதிரி இருப்பே," என்றான்.

"உங்களுக்கு ரெண்டும் வேணும்," என்றாள் மெரிடித். "உள்ள நுரை, மேல மூடி, மூடியோட ஒலியை ஏத்தி வைங்க. சத்தம் எவ்வளவு குறையும்னு பெட்டியில போட்டிருக்கிற ரெண்டு எண்ணையும் கூட்டிக் கணக்குப் போடாதீங்க. ரெண்டாவது சேர்த்தா கொஞ்சம்தான் கூடும். ஆனா ஒண்ணு நழுவினா இன்னொண்ணு இருக்கும். கம்பளித் தொப்பிமேல மூடியை மாட்டக் கூடாது, இடுக்கு வழியாச் சத்தம் உள்ள வந்துரும். மூக்குக்கண்ணாடிக் காம்பு தடிமனா இருந்தாலும் அப்படித்தான். கிண்ணம் மெலிசா இருக்கிறதைப் பாத்து எடுங்க. இல்லைன்னா துப்பாக்கிக் கட்டையில கன்னத்தை வைக்கறப்போ இடிச்சுத் தூக்கிரும்." பிறகு ரெய்னோவைப் பார்த்தாள். "இவ்வளவும் மாட்டினாலும், பலகை அறைக்குள்ள அந்த பிரேக் வெச்ச துப்பாக்கி பக்கத்துல இருந்தா நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

ரெய்னோ அன்று மாலையே பட்டறையில் அந்த இரும்புத் துண்டைக் கழற்றினான். ஆனால் தான் சுட்டதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜனவரிச் சோதனையில் ஐலா தேறிவிட்டாள். இரண்டு காதில் நல்ல காதுக்குக் கேட்டால் போதும் என்பதுதான் விதி. டேல் தாளைக் காட்டி, "சட்டப்படி நீ ஏழாம் நம்பரை நாளைக்கே ஓட்டலாம்," என்றான்.

"சட்டத்துக்குக் கேக்குது, டேல். எனக்குக் கேக்கலை. தண்டவாளம் இல்லாத தடம் குடு."

அப்படித்தான் நான் ஓட்டிய தென்தடம் அவளுக்குப் போனது, அவள் தடம் எனக்கு வந்தது. அந்தத் தண்டவாளத்தின் முன்னால் நான் இப்போது இருமடங்கு நேரம் நிற்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

செப்டம்பரில் ஜல்லிக்குழிக்கு அவளோடு நானும் போனேன். நுரையை உருட்டி வைத்தாள். மூடியைக் கவித்தாள். விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். எடுத்தாள். மூடியை மறுபடி தடவினாள். அப்படியே ஐந்தாறு தடவை. அதற்குள் குழியின் மறுமுனையில் இருந்த யாரோ முன்னறிவிப்பில்லாமல் சுட்டார்கள். ஐலா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் குந்தி இரண்டு கையாலும் மூடிகளை அழுத்திக்கொண்டாள். சத்தம் அவளுக்கு உறைத்திருக்காது. பயம்தான் அவளை உட்காரவைத்தது. அன்று ஒரு தோட்டாவும் சுடவில்லை. அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு வலது பக்கத்தை மட்டும் கழற்றி, "ஏதாவது சொல்லு," என்பாள். நான் மெதுவாக ஏதாவது சொல்வேன். அவள் திருப்பிச் சொல்வாள்.

நவம்பர் பதினைந்து வந்தது. இந்தத் தடவை அவள் தனிக் கூண்டில். ரெய்னோ கால் மைல் தள்ளி. மாற்றுப் பேட்டரிகளைக் குளிரில் சாகாதபடி மார்புப் பையில் வைத்திருந்தாள். தொப்பிக்குப் பதில் மூடிக்கு மேலாகச் சால்வையைச் சுற்றியிருந்தாள். ஒலியை ஏற்றியதும் காடு பயங்கரமாகிவிட்டது. பனிமேல் அணில் ஓடினால் கரடி நடக்கிறதுபோல் இருந்தது. தன் சால்வை உரசுவதே யாரோ பின்னால் மூச்சு விடுவதுபோல் கேட்டது. எல்லாச் சத்தமும் வலப்பக்கத்திலிருந்தே வந்தது. அதனால் அவள் காதை நம்பாமல், சத்தம் கேட்கும்போதெல்லாம் மூன்று ஜன்னலையும் கண்ணால் வரிசையாகப் பார்த்தாள்.

ஒன்பது மணிக்கு மான் இடப்பக்க ஜன்னலில் தெரிந்தது. குழலை முழம் நீளத்துக்கு வெளியே நீட்டினாள். கட்டையில் கன்னத்தை வைத்து, மூடி தூக்கவில்லையே என்று கைவிரலால் பார்த்தாள். மான் நின்றது. அவளுக்கு மானைவிடத் தன் வலது காதுதான் அந்த நேரம் முழுக்க நினைவில் இருந்தது. சுட்டாள்.

பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். மான் பத்தடி ஓடி விழுந்தது. ஐலா அதைப் பார்க்கப் போகவில்லை. வலது மூடியையும் நுரையையும் எடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். முதலில் தன் இதயத்தின் அடி மட்டும். பிறகு பனிக்கட்டிக்கு அடியில் ஓடை ஓடுவது. அது கேட்ட பிறகுதான் அழுதாளாம்.

மானை இழுக்க உதவி வேண்டும் என்று ரெய்னோவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். கூண்டிலிருந்து இறங்கி நின்றாள். அவன் இடப்பக்கமாக வந்து தோளைத் தொட்டபோது அவள் அலறிவிட்டாள். அந்த அலறல் எனக்கு, பக்கத்துக் காட்டுக்கு வேட்டைக்கு வந்து சாலையோரம் என் காரருகே நின்றவனுக்கு, கேட்டது.

ரெய்னோ கையில் பாலில்லாக் காப்பிக் குடுவையோடு அப்படியே நின்றானாம். "நான்தான், ஐலா. நான்தான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு, அந்த வெடிக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, "நான் குழலை எங்கே நீட்டுறேன்னு பாத்திருக்கணும்," என்றான்.

"ஆமா," என்றாள் அவள்.

கிறிஸ்துமஸுக்கு முன் அவனும் மெரிடித்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்தான். அவனுக்கு இரண்டு காதுமே அவளுடைய வலது காதைவிட மோசம். அவனும் இப்போது மூடி மாட்டுகிறான். வீட்டுக்குள்கூட அவன் அவளுடைய வலப்பக்கமாகத்தான் வருகிறான், தூரத்திலிருந்தே ஏதாவது பேசிக்கொண்டு.