தொண்ணூறு வினாடிக்குள்ளை வைச்சிடோணும்

லிஃப்டுக்குள்ளை மணிப்படம் போட்ட ஒரு பொத்தான் இருக்குதல்லோ, லிஃப்ட் இடையிலை நிண்டால் அதை அமத்த ஒரு குரல் கேக்கும். மொன்றியலிலை நாலு வருசமாய் அந்தக் குரல்களிலை ஒண்டு நான்.

கேக்க நல்ல வேலை மாதிரித்தான் இருக்கும். கதிரை, காதிலை ஹெட்போன், பனிக்குள்ளை நிக்கத் தேவையில்லை. வில்லரேயிலை எங்கடை வீட்டடியிலை பஸ் ஏறினால் ஒஃபிஸ் வாசலிலை இறங்கலாம். சொந்தக்காரச் சனம் "உமக்கென்ன, ஒஃபிஸ் வேலை" எண்டு பெருமூச்சு விட்டுது. ஆனால் பிடிக்காத வேலைக்கு ஒவ்வொரு நாளும் பல்லைக் கடிச்சுக்கொண்டு வெளிக்கிடுற சகபாடிகளே, மிச்சத்தை நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

கேள்வி மூண்டு. காயம் இருக்கோ, எத்தினை பேர், மூச்சு விட ஏலுதோ. பேந்து "திருத்திற ஆள் வாறார்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடோணும். தொண்ணூறு வினாடி தாண்டினால் திரையிலை மணிக்கூடு சிவக்கும். கனநேரம் சிவப்பிலையே நிண்டால் எச்சரிக்கைக் கடிதம். மூண்டு கடிதம் வந்தால் வேலை போச்சு. அப்ப எங்கடை வீட்டிலை என்ரை சம்பளம் மட்டும்தான். என்ரை மனுசன் சுதன் தொழிற்சாலையிலை பெட்டி தூக்கி முதுகு பிடிச்சு வீட்டிலை படுத்திருந்தார். அதனாலை அந்த மூண்டு எண்ட எண் என்ரை நெஞ்சிலை முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

முதல் கடிதம்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை மாணவர் விடுதி ஒண்டு. ஒரு பெட்டை தனிய மாட்டுப்பட்டுப் போனாள். மூண்டு கேள்வியும் கேட்டு முடிச்சிட்டன். "வைக்காதேங்கோ, தயவுசெய்து வைக்காதேங்கோ" எண்டு அழுகிறாள். மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. எப்பிடியப்பா வைக்கிறது? என்ன படிக்கிறாய் எண்டு கேட்டன். மாட்டு வைத்தியமாம். மாடு கண்டு போடுறதைப் பற்றியே பதினொரு நிமிசம் கதைச்சம். எனக்கு மாட்டைப் பற்றி ஒரு கோதாரியும் தெரியாது, ஆனால் அவளுக்கு மூச்சு ஒழுங்காய் வந்திட்டுது.

அடுத்த நாள் காலமை மேற்பார்வையாளர் ரொபேர் கூப்பிட்டார். கெட்ட மனுசன் இல்லை, அதுதான் கரைச்சல். கடிதத்தை நீட்டிப்போட்டு மெல்லமாய்ச் சொன்னார்: "ஆறுதல் சொல்லுறது உங்கடை வேலை இல்லை, அழைப்பை மூடுறதுதான் உங்கடை வேலை."

சொந்தக்காரர்

அஹுன்ட்சிக் பக்கம் ஒரு பழைய கட்டிடம். அந்த லிஃப்ட் மாதத்துக்கு ரெண்டு தரம் நிக்கும். குடியிருக்கிற சனம் மாட்டுப்பட்டு, எங்களுக்கு எடுத்து, பேசி, களைச்சுப்போச்சுது. ஒருநாள் எடுத்தவர் புது ஆள். எடுத்த எடுப்பிலை ஒரே சத்தம். காயமோ எண்டால் ஏச்சு, எத்தினை பேர் எண்டால் ஏச்சு. ஆள் ஆரெண்டு பேந்துதான் விளங்கிச்சு. எனக்கு அடக்க ஏலாமல் சிரிப்பு வந்திட்டுது. அவருக்கு அது கேட்டும் போச்சு. ரெண்டாவது கடிதம் அந்தச் சிரிப்புக்கு.

அவர் சொன்னது இதுதான்: "நான் இந்தக் கட்டிடத்தின்ரை சொந்தக்காரன்! இந்த லிஃப்ட் இப்பிடிக் கிடக்குதெண்டு எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

வீட்டிலை

ரெண்டு கடிதத்துக்குப் பிறகு நான் பயந்து ஒழுங்கான ஆளாய் மாறிட்டன். தொண்ணூறுக்குள்ளை எல்லாரையும் வெட்டிவிட்டன். ரொபேர் வந்து தோளிலை தட்டிப்போட்டுப் போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தாலே, நாளைக்கு வேலை எண்டு எனக்கு வருத்தம் பிடிச்சிடும். மைக்ரோவேவ் கூவினாலும் அழைப்பெண்டு நினைச்சு எழும்பி ஓடுவன். சுதனிட்டைச் சொல்லேல்லை, நோவோடை கிடக்கிற மனுசனுக்கு இதையும் சொல்லி என்ன?

மகளுக்கு அப்ப ஏழு வயசு. பள்ளிக்கூடத்திலை தன்ரை சிநேகிதி தன்னோடை கோவம் எண்டு ஒரு பெரிய கதை சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியிலை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்துப் பிரெஞ்சிலை கேட்டாள்: "அம்மா, நான் கெதியாச் சொல்லி முடிக்கோணுமோ?"

வெள்ளிக்கிழமை மத்தியானம்

பார்க் எக்ஸ்டென்சனிலை ஒரு கட்டிடம். திரையிலை பாத்தால், அதே லிஃப்டிலையிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமும் ஒரு அழைப்பு. பக்கத்துக் கதிரை நாதியா எடுத்து, "பிரச்சினை இல்லை எண்டார்" எண்டு எழுதி மூடியிருக்கிறாள், திருத்திற ஆளையும் அனுப்பேல்லை. நான் பிரெஞ்சிலை, எல்லாம் ஓகேயோ எண்டு கேட்டன். "வி, வி, ஓகே, மெர்சி", ஓம் ஓம், நன்றி எண்டுது ஒரு வயசான குரல்.

அந்த ஓகேயை எனக்குத் தெரியும். அது எங்கடை ஆக்களின்ரை ஓகே. டொக்டர் எப்பிடி எண்டு கேட்டாலும் "நல்ல சுகம்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் நோவைச் சொல்லுவினம். அதுவும் வெள்ளைக்காரர் மரியாதையாய்க் கேட்டால், இல்லையெண்டு சொல்லி அந்தாளுக்கு ஏன் கரைச்சல் குடுப்பான் எண்டு ஒரு கூச்சம். வேலையிலை பிரெஞ்சும் இங்கிலீசும்தான் கதைக்கலாம். வேறை பாஷையெண்டால் மொழிபெயர்ப்பாளருக்கு மாத்திப்போட்டு நான் கழண்டிடோணும். நான் மாத்தேல்லை. "ஐயா, நீங்கள் தமிழோ?" எண்டு கேட்டன்.

குரல் தமிழுக்கு மாறிச்சு: "ஓம் பிள்ளை. கை காலெல்லாம் நடுங்குது. வேர்க்குது." விசாரிச்சால், காலமை இன்சுலின் ஊசி போட்டவராம், வெள்ளிக்கிழமை விரதமாம், கோயிலுக்குப் போட்டு வந்து மத்தியானம் சாப்பிடுவம் எண்டு இருந்தவராம். ஊசி போட்டிட்டுச் சாப்பிடாட்டில் சீனி இறங்கி ஆள் மயங்கிப்போகும். அம்புலன்சுக்கு அறிவிச்சன். திருத்திற ஆள் வர இருபது நிமிசமாம். கையிலை என்ன இருக்கு எண்டு கேட்டன். அருச்சனைப் பையாம். உள்ளுக்கை வாழைப்பழமும் கற்கண்டும்.

"சாப்பிடுங்கோ ஐயா."

"பேரப்பிள்ளையின்ரை பேரிலை செய்த அருச்சனை பிள்ளை. அவன்ரை கையிலை குடுக்க முன்னம் நான் எப்பிடி?"

என்ன செய்ய? ஏசினன். அறிமுகமில்லாத பெரிய மனுசனை, என்ரை சொந்த அப்பாவை ஏசுற மாதிரி ஏசினன். "பாவம் எல்லாம் எனக்கு வரட்டும், இப்ப கற்கண்டை வாயிலை போடுங்கோ!" கடிக்கிற சத்தம் கேட்டுது. பழத்தையும் உரிக்கச் சொன்னன். மணிக்கூடு எப்பவோ சிவந்திட்டுது. ரொபேர் எனக்கு முன்னாலை வந்து நிண்டு, கையாலை வெட்டு வெட்டு எண்டு காட்டுறார். நான் திரையைக் கையாலை மறைச்சுக்கொண்டு பேரனைப் பற்றிக் கேட்டன். குரல் மங்க மங்க நான் சத்தமாய்க் கூப்பிட்டன். இருபத்தாறு நிமிசம். கடைசியிலை இரும்பு உரசுற சத்தமும் ஆக்களின்ரை குரலும் கேட்டுது. அதுக்குள்ளையும் அந்த மனுசன் எனக்குச் சொல்லுறார்: "கதவு திறக்குது பிள்ளை, இனி நீ வைக்கலாம்."

பேனை

ரொபேர் மூண்டாவது கடிதத்தை மேசையிலை வைச்சார். அதுக்குப் பக்கத்திலை இன்னொரு தாள். இனிமேல் இப்பிடிச் செய்யமாட்டன் எண்டு கையெழுத்துப் போட்டால் கடிதத்தைக் கிழிக்கலாமாம். பேனையையும் திறந்து தந்தார். சத்தியமாய் நான் பேனையை வாங்கிட்டன். சுதன்ரை முதுகும் வீட்டு வாடகையும் கண்ணுக்கு முன்னாலை நிக்குது. பேனை தாளிலை முட்டிப்போட்டுது.

கையெழுத்துப் போட முன்னம் ஒண்டு கேட்டன். நானும் நாதியா மாதிரி மூடியிருந்தால் அந்த ஐயாவுக்கு என்ன நடந்திருக்கும்? ரொபேர் யோசிக்கவேயில்லை. "அது எங்கடை பிழையாய் இருந்திராது, அவர் ஓகே எண்டு சொல்லியிருக்கிறார்."

சுதன்

கையெழுத்துப் போடாமல் வீட்டை வந்தன். கதவைத் திறந்ததும் நிண்ட நிலையிலையே எல்லாத்தையும் கொட்டினன். வேலை போட்டுது எண்டதையும் சொன்னன். மனுசன் கோவிப்பார், இல்லாட்டிக் கண்கலங்குவார் எண்டு பாத்தன். சுவரைப் பிடிச்சு மெல்ல எழும்பி இருந்தார். "அதைப் பேந்து பாப்பம். அந்த ஐயா இப்ப எப்பிடி?"

எனக்குத் தெரியாது. இண்டைக்கும் தெரியாது. நாலு வருசத்திலை நான் கதைச்ச ஒருத்தருக்கும் கடைசியிலை என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது எண்டதை அப்பதான் கண்டன். விக்கி விக்கி அழுதன். சுதன் சொன்னார்: "சரி, இனி ஆக்களின்ரை முகம் தெரியிற வேலையாய்ப் பார்."

லூசியான் ஐயா

அந்த நாலைஞ்சு மாதமும் நெருப்பு. சுதன் முதுகிலை பட்டி கட்டிக்கொண்டு, கதிரையிலை இருந்து செய்யிற வேலைக்குப் போனார்; நான் வயசானவையைப் பராமரிக்கப் படிச்சன். இப்ப ஒரு முதியோர் இல்லத்திலை வேலை. குளிப்பாட்டுறது, சாப்பாடு தீத்துறது, படுக்கை மாத்துறது. சொந்தக்காரச் சனம் இப்ப பெருமூச்சு விடுறேல்லை.

சேந்து ரெண்டாம் மாதம், லூசியான் எண்டொரு ஐயாவுக்குக் கடைசி நேரம். பிள்ளையள் தூரத்திலையிருந்து காரிலை வந்துகொண்டிருக்கினம். நான் அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். எனக்கு இன்னும் ஆறு பேரைப் பாக்கக் கிடக்குது, ஒருத்தருக்கும் பின்னேரச் சாப்பாடு குடுக்கேல்லை. பொறுப்பு நேர்ஸ் மார்த்தா கதவைத் திறந்து பாத்தா. இதுவும் போச்சு எண்டு நினைச்சு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பினன். அவ என்ரை தோளை அமத்தித் திரும்ப இருத்தினா. "நீ இரு, உன்ரை ஆறு பேரையும் நான் பாக்கிறன்."

சம்பளம் கொஞ்சம் குறைவு, இப்ப முதுகுநோ எனக்கும் வந்திட்டுது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்திலை வாற அந்த வருத்தம் மட்டும் மருந்தில்லாமலே மாறிட்டுது.