ஏழு எண்ணிவிட்டுக் கையை வை

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். முப்பத்தொரு வருடம் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப்பிரிவில் இருந்தவன் நான். ஆதாரம் இல்லாத எதையும் ஏற்காமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கினவன். சாமிக்கே கையெழுத்தும் தேதியும் கேட்பார் என்று கேன்டீனில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அது ஓரளவு உண்மைதான். ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது, அதுவும் ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில், மதியம் இரண்டு மணிக்கு, ஏசி வேலை செய்யாத ஒரு பயிற்சி அறையில்.

ஓய்வுபெற்ற பிறகும் ஆடிட் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். எந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதைத் தெரியப்படுத்தாமல் வைத்திருந்ததும் நான்தான். இந்த முறை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், மேலிருந்து இரும்புத் தலை இறங்கி உதிரிபாகத்தை அமுக்கும் எங்கள் காற்றழுத்த பிரஸ் இயந்திரத்தை ஓட்டும் கன்ட்ரோல் புரோகிராமுக்கு ஆவணம் கேட்டிருந்தார். விளக்கம் எதுவும் வேண்டாம், உள்ளே என்னென்ன செயல்கள் இருக்கின்றன என்ற எலும்புக்கூடு போதும் என்றார்.

அதைக் கையால் எழுத வேண்டியதில்லை. அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. புரோகிராமை வரிவரியாகப் படித்து, அதை எழுதினவர்கள் நடுவில் எழுதிவைக்கும் குறிப்புகளையும் பொறுக்கியெடுத்து, செயலுக்கு ஒரு பக்கமாக ஆவணம் தயாரித்துவிடும். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பின்னால் சிறு கோடு போட்டு ஆப்ஷன்களைக் கொடுக்க வேண்டும். எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்பதற்கு ஒன்று, உள்பகுதிகளையும் காட்டு என்பதற்கு ஒன்று, எழுதியவர் பெயரைப் போடு என்பதற்கு ஒன்று, குறிப்புகள் எதுவும் வேண்டாம் என்பதற்கு ஒன்று. சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்யாது. மனிதர்களில் நான் தேடிக் கிடைக்காத குணம் என்பதால் அந்தக் கருவியை எனக்குப் பிடிக்கும்.

அந்தப் புரோகிராமை எழுதியது அமலோற்பவம். மணிமங்கலம் பக்கத்துப் பெண். எங்களிடம் டிப்ளமோ டிரெயினியாகச் சேர்ந்து இஞ்சினியராக உயர்ந்தவள். குறிப்புகளையெல்லாம் தமிழில் எழுதுவாள். நல்ல தமிழ் என்று சொல்ல மாட்டேன். இங்கே கை வைத்தால் பிய்த்துவிடுவேன் என்கிற தமிழ். குறிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான். ஒரு ஆடிட்டுக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு எல்லாத் தமிழ்க் குறிப்பையும் எடுக்கச் சொன்னேன். எதிர்த்துப் பேசாதவள் அன்றைக்கு மட்டும் நின்று பேசினாள்.

"இங்லீஷ்ல எழுதுனா மெயின்டனன்ஸ்ல ஒருத்தரும் படிக்க மாட்டாங்க சார். தமிழ்ல திட்டுனாதான் நின்னு பாப்பாங்க."

ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசி ஒன்றுக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். பாதுகாப்புக் கதவைத் திறக்கும் செயலுக்கு மேல் இருந்த குறிப்பு அது. இயந்திரத்தை நிறுத்தியதும் கதவைத் திறக்காதே, உள்ளே காற்று நிற்கும், மூன்று எண்ணிவிட்டுக் கையை வை என்று எழுதியிருந்தாள். "இதையுமா சார்?" என்று கேட்டாள். இதையும்தான் என்றேன். ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது குறையில்லாத அறிக்கை.

இரண்டு வருடத்துக்கு முன் நோயில் இறந்துபோனாள். நான் அடக்கத்துக்குப் போகவில்லை. வேறொரு ஆடிட்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஐடி பிரிவில் புது லேப்டாப் ஒன்று கொடுத்திருந்தார்கள். புது ஃபோல்டர், காலியானது. குறிப்பு வேண்டாம் என்ற ஆப்ஷனை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தேன். எழுதியவர் பெயருக்கான ஆப்ஷனைக் கொடுக்கவில்லை, இறந்தவள் பெயரை வாடிக்கையாளரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்தேன். திரையில் படித்தால் நான் நம்புவதில்லை. பென்சிலால் பக்கத்துக்கு ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.

கதவு திறக்கும் செயலின் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. செயலின் பெயருக்குக் கீழே, ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், தமிழில் நான்கு வரி.

"நிறுத்தின உடனே கதவைத் திறக்காதே. காத்து உள்ள நிக்கும். ஏழு எண்ணிட்டுக் கைய வை. சார், இதையும் எடுக்கச் சொல்லிடாதீங்க."

நம்பினால் நம்புங்கள், முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல். எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். புரோகிராம் ஃபைலைத் திறந்து தேடினேன், அந்த வரிகள் இல்லை. பழைய பதிப்புகளைத் தேடினேன். சர்வர் மாற்றியபோது அவள் குறிப்புகளை எடுத்ததற்குப் பிந்தைய பதிப்புகள்தான் வந்திருந்தன, அவற்றிலும் இல்லை. போதாததற்கு, தமிழ் எழுத்து ஒழுங்காக வர வேண்டுமானால் அதற்கும் அந்தக் கருவியில் தனி ஆப்ஷன் உண்டு. நான் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். இங்கே ஒரு புள்ளிகூட விடுபடாமல் வந்திருந்தது.

பேயே சொன்னதாக இருக்கட்டும், பாதுகாப்பு எச்சரிக்கை எந்த வழியில் வந்தாலும் இடத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது நானே எழுதிய நடைமுறை. எழுந்து நடந்தேன்.

பிரஸ்ஸில் கஸ்தூரி நின்றிருந்தாள். ஒப்பந்தத் தொழிலாளி. இருங்காட்டுக்கோட்டையில் மூன்று பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவள். நான் போய்ச் சேர்ந்தபோது இரும்புத் துண்டு ஒன்று சிக்கி, சிவப்புப் பொத்தானை அப்போதுதான் அமுக்கியிருந்தாள். ஒரு கை கதவைத் திறந்துவிட்டது, இன்னொரு கை உள்ளே போய்க்கொண்டிருந்தது. இப்படிச் சிக்கினால் கொக்கி வைத்துத்தான் எடுக்க வேண்டும். கொக்கி சுவரில் மாட்டியிருக்கும், ஆடிட்டருக்குக் காட்டுவதற்கு.

"கஸ்தூரி, கையை எடும்மா."

"மாட்டிகினுகீது சார், இதோ எடுத்துட்டுப் போட்டுர்றேன்."

"எடுக்காதே. என்னோடு எண்ணு."

கிழவனுக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வையோடு கையை வெளியே எடுத்தாள். இருவரும் எண்ணினோம். மூன்றில் ஒன்றும் ஆகவில்லை. நான்கு. ஐந்து. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு சொல்லி முடிப்பதற்குள், நின்றுபோயிருந்த அந்த இரும்புத் தலை ஒரு சாண் கீழே இறங்கி மடாரென்று விழுந்தது. சிக்கியிருந்த துண்டு தகடாகிவிட்டது. ஏழில் காற்று உஸ்ஸென்று முழுவதும் வெளியேறிய சத்தம் கேட்டது.

கஸ்தூரி வலது கையை மார்போடு சேர்த்து, இடது கையால் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் விடவில்லை.

"போன வாரமும் கைய எடுத்த பின்னால விழுந்துச்சு சார். சொன்னா நீ ஸ்லோன்னு லைன மாத்திருவாங்கன்னு கம்முனு இருந்துட்டேன்."

சொல்லவிடாமல் செய்வது எப்படி என்று இந்தத் தொழிற்சாலைக்கே நான் பாடம் எடுத்தவன். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, இயந்திரத்தில் ஓட்டக்கூடாது என்ற சிவப்பு அட்டையை மாட்டினேன். மெயின்டனன்ஸ் ரவி ஓடிவந்தான். காற்று வெளியேற மூன்று விநாடிதானே ஆகும், ஏழு எப்படி என்று கேட்டேன்.

"அது பழைய வால்வு சார். பொங்கல் லீவுல புது வால்வு போட்டோம்ல. இது கொஞ்சம் மெதுவாதான் காத்த வுடும்."

போன பொங்கலுக்குத்தான். அமலோற்பவம் இறந்து ஒன்றரை வருடம் கழித்து.

பயிற்சி அறைக்குத் திரும்பிவந்து அதே ஃபோல்டரைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் செயலின் பெயர் மட்டும் இருந்தது. அதே ஆப்ஷன்களோடு மறுபடி ஓட்டினேன். பெயர் மட்டும். ஐடி பிரிவில் சொன்னபோது, வெயிலில் நடந்துவந்தீர்களா சார் என்று அங்கிருந்த தம்பி அக்கறையாகத்தான் விசாரித்தார். தாளை நீட்டினேன். படித்துவிட்டு, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடமே கொடுத்துவிட்டார்.

இப்போது அந்த இயந்திரத்தில் பத்து விநாடிக்குக் கதவு திறக்காது, பூட்டே அப்படி மாற்றிவிட்டார்கள். அந்தக் குறிப்பை நானே என் கையால் புரோகிராமில் திரும்ப எழுதிவைத்தேன், தமிழிலேயே. ஆங்கில விதியையும் ரத்து செய்யவைத்தேன். கஸ்தூரி அதே பிரஸ்ஸில்தான் இருக்கிறாள், என்னைப் பார்த்தால் பத்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரிப்பாள்.

தாள் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன். ஆனால் நம்புகிறீர்களோ இல்லையோ, என்னைத் தூங்கவிடாதது அந்த நான்கு வரி இல்லை, அந்த ஏழுகூட இல்லை. குறிப்பு வேண்டாம் என்று நான் கொடுத்த ஆப்ஷனை அது மீறியது. எழுதியவர் பெயருக்கான ஆப்ஷனை நான் கொடுக்கவில்லை, அதற்கு மட்டும் கட்டுப்பட்டது. தாளில் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, விதிப்படி.

அதைக் கொடுத்து ஓட்டியிருந்தால் அன்றைக்கு அங்கே என்ன வந்திருக்கும் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஆப்ஷனைத் தட்ட என் விரல் போகவில்லை.