ஹாரன் இல்லாத கார்

நேற்று நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது, நான் வாங்கிய பழைய காரின் பானட்டிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொதிக்கும் தித்திப்பான வாசனை வந்தது. எஞ்சின் ஃபேனின் ஒயர் கழன்றிருந்தது, செருகியதும் சரியாகிவிட்டது. பத்து வயதில், இதே கேட்டில் இதே வாசனையை முகர்ந்திருக்கிறேன்.

அன்று வயலில் அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. கார் ஓட்டக் கற்று ஒரு மாதமே ஆன அம்மா, அவரைப் பின்சீட்டில் கிடத்தி, என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கேட் மூடியிருந்தது. சற்று நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு, பானட்டில் ஆவி கிளம்பியது.

"ஃபேன் சுத்துதா பாரு," என்றார் அப்பா. நாக்கு குழறியது.

"சுத்தலைங்க. நீங்க பேசாம படுங்க."

"வண்டிய ஆஃப் பண்ணு. ஃப்யூஸ் போயிருக்கும்."

மாற்று ஃப்யூஸ் இல்லை. அம்மா ஹாரனின் ஃப்யூஸைப் பிடுங்கி, ஃபேன் ஃப்யூஸ் இருந்த இடத்தில் செருகினாள். சாவியைத் திருப்பியதும் ஃபேன் இரைந்து சுற்றியது. முள் மெல்ல இறங்கியது. கேட்டும் திறந்தது.

"இனிமே ஹாரன் அடிக்காதுடி. நீ கத்து."

ஜன்னலில் தலையை நீட்டி, "வழி விடுங்க! அப்பாவைப் பாம்பு கடிச்சிருச்சு!" என்று தஞ்சாவூர்வரை கத்தினேன். பஸ்கள்கூட ஒதுங்கின.

மூன்றாம் நாள் அப்பா கண் திறந்து என்னைக் கூப்பிட்டார். என் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"பரவால்லம்மா," என்றார். "வழியெல்லாம் உன் குரலைக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன்."